சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம்

பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் வீட்டை நினைத்து அழுவார்கள். உன்சானுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவன் காவல் நிற்கும் மேட்டிலிருந்து பார்த்தால், அம்மா விடுதி நடத்துகிற அவன் வீட்டு மாடியே தெரியும். நீலத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் வரிசையாகக் காயும் போர்வைகள், அவற்றுக்கு நடுவே குனிந்து நிமிரும் அம்மா, எல்லாம் தெரியும். வடக்கே எதிரியின் மலைகளைப் பார்த்து நிற்க வேண்டியவன், யாரும் கவனிக்காதபோது தெற்கே திரும்பி, இந்த வாரம் போர்வை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பெருமூச்சு விடுவான். அடுத்த முறை ஒரு ராத்திரி வெளியே விடுகிற அவுட்பாஸில் போய் அவற்றைத் துவைக்கப்போகிறவன் அவன்தானே.

கொரியாவில் பிறந்த ஆண்பிள்ளை இருபது வயதை ஒட்டி ஒன்றரை வருஷம் பட்டாளத்தில் கிடந்துதான் வர வேண்டும். எங்கே போடுவார்கள் என்பது குலுக்கல் மாதிரி. தெற்கே கடலோரம் விழலாம், ஏதாவது தீவில் விழலாம். சாம்கோக் என்ற இந்த மலையோர ஊரில் பிறந்து, இதை விட்டு எப்போதடா போவோம் என்று இருந்த உன்சானுக்கு அந்தக் குலுக்கல் ஒன்றுதான் நம்பிக்கையாக இருந்தது. அதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டான். இந்தப் பக்கத்து மாவட்டங்களில், விருப்பப்பட்டால் சொந்த ஊருக்கு அருகிலேயே சேவை செய்யலாம் என்று ஒரு சலுகை உண்டு. சலுகை என்றுதான் அதற்குப் பெயர்.

"வெளியூர்ல போட்டுட்டா உன்னைப் பாக்க நான் எப்படிடா வருவேன்? விடுதிய யாரு பாத்துப்பா?" என்றாள் அம்மா மால்சுக். "இங்கேயே இருந்தா அவுட்பாஸ் வர்றப்பல்லாம் வீட்டுச் சோறு. அவனவன் இதுக்கு ஏங்கறான்."

அப்பா கிழக்குக் கடற்கரையில் மீன்படகு வேலைக்குப் போனவர். முதலில் பணம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. தரைக்கடியில் வெந்நீர் ஓட்டி அறைகளைச் சூடாக்கும் அந்தப் பழைய பாய்லரோடு அம்மா தனியாக மல்லுக்கட்டுவதை உன்சான் நினைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான். அன்று இரவே தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய?

சாம்கோக்கில் ஊர் ஜனத்தைவிட ஊரைச் சுற்றியிருக்கும் சிப்பாய்கள் அதிகம். ஊரே அவர்களை நம்பித்தான் பிழைக்கிறது. கோழி வறுவல் கடை, கம்ப்யூட்டர் கேம் சென்டர், பன்றி இறைச்சி சுட்டுத் தரும் கடை, விடுதி எல்லாவற்றிலும் சனிக்கிழமை வந்தால் விலை ஏறும். ஏறாமல் என்ன செய்யும்? ஒரு ராத்திரி அவுட்பாஸில் வெளியே வருகிற சிப்பாய் ஊருக்குத் தெற்கே இருக்கும் சுரங்கப்பாதையைத் தாண்டக் கூடாது. அதுதான் கோடு. தாண்டினால் தண்டனை; பஸ் ஸ்டாண்டிலேயே ராணுவப் போலீஸ் நின்று பிடித்துவிடும். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சுன்சோன் என்ற பெரிய நகரம் இருக்கிறது. சினிமா, ரயில், பாதி விலைக்குச் சாப்பாடு எல்லாம் அங்கே. இந்தப் பக்கம் சாம்கோக் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கிற கிளிக்குத் தானியம் விற்கிறவன் எதற்கு விலை குறைக்க வேண்டும்?

அந்தக் கூண்டுக்குள் ஒருவனாக இருந்துகொண்டு, தானியம் விற்கிற வீட்டுப் பிள்ளையாகவும் இருந்தவன் உன்சான் ஒருவன்தான்.

அவன் பாராக்கில் சார்ஜென்ட் பாங் கிதே என்று ஒருவன் இருந்தான். துறைமுக நகரத்துப் பையன். உன்சானைவிட ஒரு வயது சின்னவன், ஆனால் பட்டாளத்துக்கு முன்னால் வந்துவிட்டவன். வெளியே ஒரு வயது மூத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல்லை உடைப்பார்கள். உள்ளே வந்துவிட்டால் வயது செல்லாக்காசு. யார் முதலில் வந்தான் என்பதுதான் கணக்கு. கிதே அவனை "டேய்" என்பான். உன்சான் "சார்" என்று எழுந்து நிற்பான்.

கிதேவுக்கு உன்சான் மேல் ஒரு கோபம் இருந்தது. கோபத்துக்குக் காரணமும் இருந்தது. கிதே புதுச் சிப்பாயாக இருந்த குளிர்காலத்தில் அவன் அம்மா மகனைப் பார்க்க அத்தனை தூரம் பஸ் மாறி மாறி வந்தாள். அவளைக் கிதே கூட்டிக்கொண்டு போய்த் தங்க வைத்தது உன்சான் வீட்டு ஆம்பல் விடுதியில். தரை சில்லென்று இருந்தது. அந்தம்மா கோட்டைக் கழற்றாமலே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அறையைக் காட்டிச் சாவியைக் கொடுத்த பையன், "கொஞ்ச நேரத்துல சூடாயிடும் ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பையன் அடுத்த வருஷம் மொட்டைத் தலையும் புது பூட்ஸுமாகத் தன் பாராக்குக்குள்ளேயே வந்து விறைப்பாக நின்றபோது கிதே அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்க வாங்க, முதலாளி," என்றான். "கொஞ்ச நேரத்துல சூடாயிடும், உக்காருங்க."

அதிலிருந்து உன்சானுக்குப் பெயரே 'சித்தி மகன்' என்று ஆகிவிட்டது. ஊர்க் கடைக்காரப் பெண்களைச் சிப்பாய்கள் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது கடையில் ஏமாந்து வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் சித்தி மகன். "டேய் சித்தி மகனே, நேத்து உங்க ஊர்க் கோழி பாதிதான் இருந்துச்சு, மீதி எங்கடா போச்சு?" உன்சான் அந்தக் கோழியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க சார்," என்பான். ஊர் முழுவதற்கும் சேர்த்து அவன் ஒருவனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாராக்கில் அவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை முடிவெட்டுவதில். யாராவது ஒருத்தன் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அவன் கையில் மெஷினைத் திணித்தார்கள்; கை நன்றாக வந்துவிட்டது. வெளியே போகிற நாளுக்கு முந்தின மாலை கிதேகூடக் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, "மேல கொஞ்சம் விடுடா, பாத்து," என்று குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

அவுட்பாஸ் கிடைத்தால் மற்றவர்கள் பறப்பார்கள். உன்சான் நடந்தே வீட்டுக்குப் போவான். போனதும் சோறு உண்டு, அதில் அம்மா குறை வைக்க மாட்டாள். சோயாக் கூழ்க் குழம்பு, அவனுக்குப் பிடித்த முள்ளங்கிக் கிம்ச்சி, மேலே ஒரு முட்டை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மாடியிலிருந்து குரல் வரும். "சித்தி, வெந்நீர் வரல!" "சித்தி, டவல்!" அம்மா அவனைப் பார்ப்பாள். அவன் யூனிஃபார்மோடு டவலை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவான். கதவைத் திறக்கிறவன் சில சமயம் அவனுடைய சீனியராகவே இருப்பான். ஒரு தடவை கிதேவே இருந்தான். வேறு எங்கும் அறை கிடைக்கவில்லையாம்.

அன்றைக்குத்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். கிதேவைக் கூடத்தில் உட்கார வைத்து, ஆப்பிள் வெட்டிக் கொடுத்து, வயதைக் கேட்டாள். அவன் சொன்னான்.

"அட, அப்ப எங்க உன்சான் உனக்கு அண்ணனாச்சே!" என்று அம்மா கையைத் தட்டினாள். "அண்ணன்னு கூப்பிடு ராசா, வெக்கப்படாத. இது பட்டாளமா? வீடுதானே?"

கிதே ஆப்பிளை மென்றுகொண்டே உன்சானைப் பார்த்தான். "அண்ணே," என்றான், மிகவும் பணிவாக. "டவல் ஈரமா இருக்குண்ணே. மாத்தித் தாங்கண்ணே."

திங்கள்கிழமை அந்த 'அண்ணே'வுக்கெல்லாம் சேர்த்து உன்சான் கழிவறை கழுவினான்.

ஊரிலாவது மதிப்பு உண்டா என்றால் அதுவும் இல்லை. அத்தனை ஆம்பிளைகளும் பட்டாளத்தைப் பார்த்தவர்கள். எதிர்க் கோழிக்கடை மா தோக்பால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். "எங்க காலத்துல மூணு வருஷம்டா. உதை வாங்காம ஒரு நாள் தூங்கினதில்ல. இப்ப என்னடான்னா கைல போனு, கட்டில்ல மெத்தை. இதுக்குப் பேரு பட்டாளமா? பிக்னிக்." டவுன் பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நின்றால், சிப்பாய் ஏன் நிற்கிறாய், உட்காரக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்று ஒரு கிழவர் திட்டுவார். நாட்டுக்காக ஒன்றரை வருஷத்தைக் கொடுக்கிறாய் என்று மேடையில் சொல்கிறார்கள். கீழே இறங்கிவிட்டால், சும்மா தின்றுகொண்டிருக்கிறாய் என்பதுதான் பேச்சு.

அவனுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. நீண்ட லீவு ஒன்று வந்தது. அது விடுதியின் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் மாற்றுவதில் போயிற்று. அவன் கேட்டதெல்லாம் ஒரே ஒரு ராத்திரி. பாராக்கும் இல்லாத, விடுதியும் இல்லாத, அவனை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், தான் துவைக்காத ஒரு போர்வைக்குள் ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டும். அவ்வளவுதான். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் போனால் அது கிடைக்கும். கோடு மட்டும் குறுக்கே இருந்தது.

வசந்தகாலம் தொடங்கும்போது அந்தக் கோட்டை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இனிமேல் அவுட்பாஸில் சுன்சோன் வரை போகலாமாம். பாராக்கில் பையன்கள் கட்டில்மேல் ஏறிக் குதித்தார்கள். ஊரில் ஒரே நாளில் துணிப் பதாகைகள் முளைத்தன. 'சிப்பாயும் ஊரும் ஒரே குடும்பம்' என்று ஒன்று. 'எங்களைக் கொன்றுவிட்டுக் கோட்டை எடு' என்று இன்னொன்று. இரண்டையும் எழுதியது மா தோக்பால்தான். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர் செயலாளர்.

"உங்கம்மா சங்கத்துல முன்னாடி நிக்கறாங்களாமே," என்றான் கிதே, முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது. "சொல்லுடா அவங்ககிட்ட. நாங்க என்ன ஆடு மாடா, பட்டியில போட்டு அடைக்க? நீயே போகணும்னு துடிக்கற. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"துடிக்கறேன் சார்."

"அப்ப அதச் சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம். 'எனக்குப் போகணும்மா.' அவ்ளோதான். உன் வாய்ல இருந்து வந்தா நம்புவாங்க."

சொல்கிறேன் என்று உன்சான் ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை அம்மாவோடு மாடியில் போர்வை பிழிந்துகொண்டிருந்தபோது சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வர்ற வியாழக்கிழமை கேம்ப் வாசல்ல மொட்டை போட்டுக்கப் போறேன்டா."

இங்கே போராட்டம் என்றால் கடைசி ஆயுதம் அதுதான். கத்திப் பார்ப்பார்கள், பட்டினி கிடந்து பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை மழித்துக்கொள்வார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் செய்வார்கள், அரசியல்வாதிகள் செய்வார்கள். விடுதி நடத்துகிற அம்மா செய்வாள் என்று உன்சான் நினைக்கவில்லை. தீபகற்பத்திலேயே தன் தலைமுடிமேல் அத்தனை பிரியம் வைத்திருந்தவள் அவள்தான். மாதம் தவறாமல் சுருள் வைத்துக்கொள்வாள்.

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"எதுக்கா? கோட்டை எடுத்துட்டா எவன்டா இங்க தங்குவான்? நீயே சொல்லு. நீ வெளியூர்ப் பையனா இருந்து, போகலாம்னு விட்டுட்டா, இங்க தங்குவியா?"

கையில் போர்வை கனத்தது. இதைவிட நல்ல சமயம் வராது என்று தெரிந்தது. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்குவேம்மா," என்றான்.

வியாழக்கிழமை வாசல் காவல் யாருக்கு என்று பார்த்தால் கிதேவுக்கும் உன்சானுக்கும். வேண்டுமென்று போட்டார்களோ, தற்செயலோ, விதி என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தார் நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வைத்த லாரியோடு வந்துவிட்டார்கள். "கோட்டைத் தொடாதே! எங்க சோத்துல கை வைக்காதே!" வாசலுக்கு நேரே மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் கழுத்தில் வெள்ளைத் துணியோடு அம்மா. காவல் நிற்கிறவன் நேரே பார்க்க வேண்டும், அசையக் கூடாது. நேரே பார்த்தால் அம்மாதான் இருந்தாள்.

மெஷினைப் பிடித்தவர் மா தோக்பால். இதற்காகவே புதிதாக வாங்கி வந்திருந்தார். கோழி வெட்டிப் பழகிய கை. மனிதத் தலை பழக்கமில்லை. நெற்றியிலிருந்து ஓட்ட ஆரம்பித்ததும் சுருள் சுருளாகத் துணிமேல் விழுந்தது. சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். அம்மா அழவில்லை. முஷ்டியைத் தூக்கித் தூக்கிக் கோஷம் போட்டாள். ஆனால் கண் மட்டும் உன்சான்மேலேயே இருந்தது. பெருமையாகப் பார்த்தாள். உனக்காகத்தான்டா இதெல்லாம் என்பதுபோலப் பார்த்தாள். அவனுக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிட மாட்டோமா என்று இருந்தது.

"நல்லா வேணும்," என்று பக்கத்தில் கிதே உதடு அசையாமல் முணுமுணுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தாளுக்கு வெட்டத் தெரியலடா," என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "டேய், உங்கம்மா நெத்தில ரத்தம்."

உன்சானுக்கும் தெரிந்தது. புருவத்துக்கு மேலே கீறல் விழுந்து ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனிக்காமல் கத்திக்கொண்டிருந்தாள். அசையக் கூடாது என்பது உத்தரவு. அவன் அசையவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்தான். யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. நாலு எட்டு வைத்தால் அம்மா. அவன் அசையவில்லை.

போனவன் கிதே. வாசலை விட்டு இறங்கி நேராக நடந்து, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "சித்தி, நெத்தில ரத்தம். அமுக்கிப் பிடிங்க."

கோஷம் ஒரு கணம் நின்றது. அம்மா வாங்கி நெற்றியில் அழுத்திக்கொண்டாள். "நல்லா இருப்பே ராசா," என்றாள். "சனிக்கிழமை வா. நல்ல ரூமாத் தர்றேன்."

கிதே திரும்பி வந்து தன் இடத்தில் நின்றான். அவன் காது சிவந்திருந்தது. "உங்கம்மா இப்பவும் யாவாரம் பண்றாங்கடா," என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. காவலை விட்டுப் போனதற்காக அன்று மாலை கேப்டன் அவனை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தார். அதற்கப்புறம் பாராக்கில் 'சித்தி மகன்' என்ற பேச்சு நின்றுபோயிற்று. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தது உன்சானுக்கு முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. கோடு இல்லை. சுன்சோன் போகலாம். விசில் சத்தத்தில் பாராக்கின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன்சானும் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். அப்புறம்தான் அம்மாவின் தலை ஞாபகம் வந்தது. முதலில் துள்ளிவிட்டோமே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை அவனுக்கும் அவுட்பாஸ். வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். போனில் சொல்லிக்கொள்ளலாம், போய்ச் சேர்ந்த பிறகு. ஆனால் சாம்கோக்கில் இருப்பது ஒரே தெரு. ஆம்பல் விடுதியைத் தாண்டாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியாது. தெரு காலியாகக் கிடந்தது. கோழிக்கடையில் எண்ணெய் காயவில்லை. விடுதிக் கவுண்டரில் அம்மா இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். பலகையில் எல்லாச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்ஸைக் கழற்றி உள்ளே காலை வைத்ததும் திடுக்கிட்டான். தரை சுட்டது. கூடம், நடை, திறந்து கிடந்த அறைகள் எல்லாம் ஒரே கதகதப்பு. எண்ணெய் விலைக்குப் பயந்து வருஷம் முழுக்கப் பாய்லரைத் திருகித் திருகி அணைக்கிற அம்மா, விடியற்காலையிலிருந்து முழு வேகத்தில் ஓட விட்டிருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள் அம்மா. கண்ணாடி முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லா ரூமையும் சூடு பண்ணி வெச்சிருக்கேன். விலையைக் குறைச்சு போர்டு கூட எழுதி வெச்சாச்சு. ஒருத்தனும் வரல."

அம்மா துண்டை அவிழ்த்தாள். மா தோக்பாலின் கைவண்ணம் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. காதுக்கு மேலே ஒரு கொத்து சுருள் அப்படியே இருந்தது.

"அந்தாளு கைய நம்பினது என் தப்பு. மெஷின இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. உனக்குத்தான் கை வருமே, சமமா எடுத்துவிடு. இதோட தெருவுல போக முடியல."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் மண்டியிட்டான். அம்மாவின் தலையை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. சாயம் போன வேர்கள் வெள்ளையாக இருந்தன. உச்சிக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு; எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பார்க்காமல் இருக்கும்போது சில வார்த்தைகள் சுலபமாக வந்துவிடுகின்றன.

"அம்மா. அன்னிக்குக் கேட்டியே, போகலாம்னு விட்டா இங்க தங்குவியான்னு."

"ம்."

"தங்க மாட்டேம்மா. பொய் சொன்னேன்."

அம்மா தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்," என்றாள். "தங்குவேன்னு சொல்றவங்க மொகத்தை நான் முன்னாடியே பாத்திருக்கேன்டா. உங்கப்பாவும் தங்குவேன்னுதான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா மொட்டை போட்டுக்கிட்ட?"

"நீ வேணாம்மான்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். நீ சொல்லலியே."

உன்சானின் கை நின்றுவிட்டது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அவனுக்கு அப்படி வலித்தது. அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து, "காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கு," என்றாள். அவன் அதையும் எடுத்தான்.

முடித்துவிட்டுத் துணியை உதறும்போது அம்மா கண்ணாடியில் ஒரு பக்கம், மறு பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உன்னை கேம்ப்புக்குள்ள விட்டுட்டு வந்தன்னிக்கு நீயும் இப்படித்தான் இருந்தே," என்றாள். "பஸ் எத்தனை மணிக்கு?"

"இப்ப ஒண்ணு இருக்கு."

"ஸ்டாண்டுக்குப் போவாத. சங்கத்துக்காரங்க நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்காங்க. மொட்டை போட்டவ மகனே ஓடறான்னு பேசுவாங்க. பின்வாசலாப் போயி பாலத்துக்கிட்ட நில்லு. கை காட்டினா நிறுத்துவான்."

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டான். அம்மா பின்வாசல்வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேலை சொல்கிறவள்போல வேகமாகச் சொன்னாள்.

"ரூம் எடுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்க் குழாயத் தொறந்து பாரு. தரையில கைய வெச்சுப் பாரு. கொஞ்ச நேரத்துல சூடாயிடும்னு சொன்னா நம்பாத, ஆகாது. யூனிஃபார்மைப் பாத்தா விலைய ஏத்தித்தான் சொல்லுவாங்க. ஏமாந்துடாத." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்களும் அப்படித்தான சொன்னோம்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாலத்தருகே பஸ் நின்றது. உட்கார இடமில்லாமல் முழுக்கப் பச்சைச் சட்டைகள். நடுவிலிருந்து கிதே கையை ஆட்டி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் செய்தான். உன்சானின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நரைமுடிகளைப் பார்த்தான். யாருடையது என்று கேட்கவில்லை. ஒன்றிரண்டை எடுத்துத் தட்டிவிட்டான். மீதி துணியில் பிடித்துக்கொண்டு வரவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"வெந்நீர்க் குழாயத் தொறந்து பாக்கச் சொன்னாங்க."

கிதே அவனைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுரங்கம் வந்தது. முகப்பு இருட்டுக்குள் நுழைந்ததும் பஸ் முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தியது. காலால் தரையை உதைத்தார்கள், தொப்பிகளை எறிந்தார்கள். டிரைவர்கூட ஹாரனை அழுத்தினார். உன்சானும் கத்தினான். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துக்கத்தால் அழுகிறோம் என்று நினைத்துக்கொள்ளத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் அது துக்கம் இல்லை. யாரும் வராத சூடான அறைகளுக்கு நடுவே அம்மா மழித்த தலையோடு உட்கார்ந்திருக்கிறாள், அவனுக்கோ பிறந்ததிலிருந்து அறியாத சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்து, மற்றவர்கள் எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் அவன் கத்திக்கொண்டே இருந்தான்.